அத்தையின் குரலில் ஒரு மன்னிப்பு

என் அத்தை தன் வாயால் யாரிடமும் மன்னிப்பு கேட்டதில்லை. ஒருமுறை அப்பாவின் மூக்குக்கண்ணாடி மேல் உட்கார்ந்து அதை இரண்டாக்கிவிட்டாள். அப்பா அவளுக்கு அண்ணன், ஒன்பது வயது மூத்தவர். "ஒரு வார்த்தை சொல்லேம்மா" என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார். அத்தை உடைந்த துண்டுகளைக் கைக்குட்டையில் கட்டிக்கொண்டு வெளியே போனாள். மறுநாள் பழையதைவிட நல்ல சட்டத்தில் புதுக் கண்ணாடி வந்தது. வார்த்தை வரவில்லை. எனக்கு ஏழு வயதிருக்கும்போது, நான் செய்யாத குற்றத்துக்காக என் காதைத் திருகினாள். உண்மை தெரிந்த அன்று சாயங்காலமே பள்ளிக்கூட வாசலில் வண்ணப் பென்சில் பெட்டியோடு நின்றாள். "வாங்கிக்கோடி" என்றாள். அவ்வளவுதான்.

இத்தனைக்கும் அவள் வேலையே மன்னிப்பு கேட்பதுதான். முப்பத்திரண்டு வருடம் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தாள். எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வரும், எது எத்தனை நிமிடம் தாமதம் என்று மைக்கில் படிப்பாள். ஒவ்வொரு தாமதத்தின் வாலிலும் "பயணிகளுக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம்" என்று சேர்ப்பாள். அங்கே அத்தனை இனிமையாக வருந்துகிறவள் வீட்டில் ஏன் வாயைத் திறப்பதில்லை என்று வளர்ந்தபிறகு ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"அடியே, ஒரு ஷிஃப்ட்டுக்கு நாப்பது தடவை வருந்தறேன். எஞ்சின் படுத்துக்கிட்டா நான் வருந்தணும். மழை பெஞ்சா நான் வருந்தணும். எதுவும் நான் பண்ணினது இல்ல. சரி, வீட்டுக்கு வந்து நான் பண்ணினதுக்கு வருந்தலாம்னு பாத்தா, கையில சரக்கு தீந்துபோச்சு."

அவள் அறை முதல் நடைமேடைக்கு மேலே, பதினெட்டுப் படி ஏறினால் வரும். சத்தத்தை உறிஞ்ச ஓட்டை ஓட்டையான பலகைச் சுவர், ஒரு மேசை, ஒரு மைக், அதன் அடியில் ஒரு பொத்தான். பொத்தானை அமுக்கினால் சிவப்பு விளக்கு எரியும். எரிந்தால் ஊரே கேட்கும். நடைமேடைகளைப் பார்த்தாற்போல நீளமான கண்ணாடி ஜன்னல். விடுமுறையில் நான் அங்கே போய் மூலையில் உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் வண்டி விவரம் படித்துக்கொண்டிருந்தவள், குரலை மாற்றாமல் அதே இழுவையில், "நான்காவது நடைமேடையில் கட்டம் போட்ட சட்டை அணிந்து நிற்பவரின் கவனத்திற்கு. தண்டவாளம் உங்கள் வீட்டு வாஷ்பேசின் அல்ல" என்று சேர்த்துப் படித்தாள். நிலையமே திரும்பி அந்த மனிதரைப் பார்த்தது. மேலதிகாரி விளக்கம் கேட்டு மெமோ கொடுத்தார். அத்தை ஒன்றரைப் பக்கம் விளக்கம் எழுதினாள். அதில் வருத்தம் என்ற சொல் தப்பித்தவறிக்கூட இல்லை.

அந்த நிலையத்தில் பதினொரு கடிகாரங்கள் இருந்தன. அவற்றைப் பார்த்துக்கொள்ள ஒருவர் இருந்தார். ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு நடைமேடை நடைமேடையாகப் போய், முள்ளைத் திருத்தி, கண்ணாடியைத் துடைத்துவிட்டு இறங்குவார். நான் அவரைக் கடிகார மாமா என்று கூப்பிடுவேன். மற்ற பத்துக் கடிகாரங்களுக்கும் வாரத்துக்கு ஒருமுறைதான் பராமரிப்பு. அத்தையின் அறையில் இருந்த பதினோராவது மட்டும் தினமும் கோளாறாகும். அதைச் சரிசெய்ய அரைமணி நேரம் ஆகும், சில நாள் முக்கால் மணி நேரம்கூட ஆகும். போர்ட்டர்கள் முதல் டிக்கெட் பரிசோதகர் வரை எல்லோருக்கும் அந்தக் கோளாறு என்னவென்று தெரியும். ஆறு வயது எனக்கே தெரிந்தது. பிறகு ஒருநாள் கடிகார மாமா வரவில்லை. மாற்றலாகிப் போய்விட்டார் என்று அப்பா சொன்னார்.  அத்தை கல்யாணமே செய்துகொள்ளவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் அவள் கொடுத்த பதிலை இங்கே எழுத முடியாது.

முப்பத்தெட்டு வருடம் போயிற்று. அத்தைக்கு இப்போது அறுபத்தாறு. இரண்டு அறை வீட்டில் தனியாக இருக்கிறாள். மின்விசிறி, ரேடியோ, குழாய் எல்லாவற்றையும் தானே பிரித்துத் தானே மாட்டுவாள். குடியிருப்போர் கூட்டத்தில் அவளிடம் மைக் கொடுக்கப் பயப்படுகிறார்கள், கொடுத்தால் திரும்ப வாங்க முடியாது.

எனக்கு நாற்பத்தைந்து ஆகப்போகிறது. நான் வேலை பார்ப்பது 'துணை' செய்யும் கம்பெனியில். இறந்துபோனவரின் பழைய ஒலிப்பதிவுகளைக் கொடுத்து, அவரைப் பற்றி நாற்பத்திரண்டு பக்கம் படிவம் நிரப்பினால், அவர் குரலில், அவர் பேசுகிற மாதிரியே பேசும் ஒரு சின்னப் பெட்டியைச் செய்து தருவோம். அதற்குத்தான் 'துணை' என்று பெயர், சாப்பாட்டு டப்பா அளவுதான் இருக்கும். 'பிரிந்தவர் மீண்டும் பேசுவார்' என்று விளம்பரம். பதினொரு வருடமாக உள்ளேயிருந்து பார்க்கிறவள் சொல்கிறேன்: திரும்பி வருவது பிரிந்தவர் இல்லை. அவரிடம் நமக்குப் பிடித்த பாகம் மட்டும்தான் வருகிறது.

ஒப்படைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு துணையோடும் ஒரு தடவை சண்டை போட வேண்டும், அதுதான் என் வேலை. ஆள் எதற்குக் கோபப்படுவார் என்று படிவத்தில் இருக்கும். நான் அங்கே கையை வைப்பேன். ஒரு கணக்கு வாத்தியாரிடம் ஏழெட்டு ஐம்பத்தைந்து என்று அடித்துச் சொன்னேன். என்னைப் பெஞ்சு மேல் ஏறி நிற்கச் சொன்னார். பாஸ். இப்படி நான் பாஸ் போட்டு அனுப்புகிற துணைகளில் பத்துக்கு எட்டு ஒரே வாரத்தில் திரும்பி வரும். "எல்லாம் நல்லா இருக்கு மேடம், கோபத்தை மட்டும் கொஞ்சம் கொறைச்சுக் கொடுங்க" என்பார்கள். குறைத்துக் கொடுப்போம். அழுதுகொண்டே வந்தவர்கள் சிரித்துக்கொண்டே எடுத்துப் போவார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அந்தப் பெட்டி அந்த வாத்தியார் இல்லை.

போன மாதம் ஒரு கோப்பு வந்தது. வழக்கம்போல் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஓடவிட்டேன்.

"வணக்கம். சொல்லுங்க, கேட்டுட்டிருக்கேன்" என்றது ஒரு குரல்.

 ஆறு வயதில் ரயில் நிலையத்துக் கூரை ஸ்பீக்கரிலிருந்து கேட்ட குரல். அத்தையின் இருபத்தெட்டு வயதுக் குரல். ஒருவேளை ஒத்த குரலாக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு வம்புக்கு இழுத்தேன். "உங்க பேச்சு ரொம்ப போர்" என்றேன்.

"ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறேன்" என்றது.

படிவத்தைப் புரட்டினேன். வாடிக்கையாளரின் தொழில் என்ற கட்டத்தில், 'கடிகாரப் பராமரிப்பு, ரயில்வே, ஓய்வு' என்று அச்சடித்த மாதிரி கையெழுத்து. உறவு என்ற கட்டத்தில் 'மனைவி'. அடுத்த வரியில் 'உயிருடன் உள்ளார்', 'இறந்துவிட்டார்' என்று இரண்டு கட்டங்கள். இரண்டாவதில் டிக். கொடுத்த ஒலிப்பதிவுகள்: ரயில் நிலையம் கம்ப்யூட்டருக்கு மாறியபோது தூக்கிப்போட்ட அறிவிப்பு டேப்புகள், ஒரு பெட்டி நிறைய. அத்தனையிலும் அத்தை வருந்திக்கொண்டிருந்தாள். கட்டம் போட்ட சட்டை மாதிரி ஒன்றுகூட அதில் இல்லை, அதெல்லாம் டேப் ஓடாத நேரத்தில் மைக்கில் நேரடியாகப் பேசியது. துணை எங்கிருந்து கோபப்படும்?

உயிரோடு இருப்பவரைச் செய்ய வேண்டுமென்றால் அவர் சம்மதக் கையெழுத்து வேண்டும். இல்லையென்றால் கோப்பை அழித்துவிட வேண்டும். இதுதான் சட்டம். நான் ஒரு பொத்தானை அமுக்கியிருந்தால் முடிந்திருக்கும். அமுக்கப் போனேன். அப்போதுதான் உறைத்தது: அவளைக் கேட்காமல் ஒருத்தர் செய்தார், அவளைக் கேட்காமல் நான் அழிக்கப் போகிறேன். இரண்டு பேருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வாடிக்கையாளர் விவரத்தை வெளியே சொல்வது வேலைக்கே உலை வைக்கும் என்று தெரிந்தும் நேரே அத்தை வீட்டுக்குப் போனேன்.

அத்தை ஒரு மின்விசிறியைத் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அத்தை, நீங்க செத்துப்போயிட்டீங்களாம்."

"எப்போ?"

"தேதி போடல. டிக் மட்டும் போட்டிருக்கு."

"யாரு போட்டது?"

"கடிகார மாமா. நீங்க அவருக்குப் பொண்டாட்டின்னும் எழுதியிருக்கார்."

ஸ்க்ரூடிரைவர் அந்தரத்தில் நின்றது. "கல்யாணமும் பண்ணி, கொன்னும் போட்டானா? ஒரே ஃபாரத்துலயா?" என்றாள். சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். பாதியில் சிரிப்பு எங்கேயோ போய்விட்டது. பிறகு வெகுநேரம் ஒரு திருகாணியையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஆபீசுக்கு வந்தாள். சோதனை அறைக்குள் நுழைந்ததும் பலகைச் சுவரையும் மைக்கையும் சிவப்பு விளக்கையும் பார்த்துவிட்டு, "ஓ, என் ரூமை இங்க தூக்கிட்டு வந்துட்டீங்களா" என்றாள். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். நான் துணையை ஓடவிட்டேன்.

"யாருடி நீ?" என்றாள் அத்தை.

அது அத்தையின் பெயரைச் சொன்னது. தன் வீட்டுக்காரர் சாயங்காலம் ஐந்து மணிக்கு வருவார், அவருக்காகக் காத்துக்கொண்டிருப்பதாகச் சொன்னது.

"அவரை எப்படிக் கூப்பிடுவே?"

"நீங்கன்னுதான்."

அத்தை என் பக்கம் திரும்பினாள். "நான் அவனை ஒருநாளும் நீங்கன்னு கூப்பிட்டதில்ல." பிறகு பெட்டியிடம், "சரி, அன்னைக்கு ஏன் வண்டி ஏறப் போகல? அவன் கூடக் கெளம்பறதா இருந்தியே?" என்றாள்.

"அண்ணனுக்குப் பயந்துட்டேன். நான் போயிருக்கணும். அதுக்காக அவர்கிட்ட தினமும் மன்னிப்பு கேட்டுட்டிருக்கேன்."

அத்தையின் முகம் சிவந்ததை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. எங்கள் அப்பாவுக்கு இவள் பயந்தாளாம். அப்பா இவளுக்குப் பயந்து தன் வீட்டிலேயே செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தவர். நான் துணையை நிறுத்தினேன். அத்தை பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து மேசைமேல் வைத்தாள். உள்ளே பழுப்பேறிய ஒரு டைப் அடித்த தாள்.

அது அத்தையின் ராஜினாமா கடிதம். 'என் சொந்தக் காரணங்களுக்காக, என் முழு விருப்பத்துடன், இந்த வேலையிலிருந்து விலகுகிறேன்' என்று இருந்தது. கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. அந்த இடம் காலியாக இருந்தது.

"அவனுக்கு வேற ஊருக்கு மாத்தல் வந்துச்சு. அங்க போய்ப் பதிவுத் திருமணம் பண்ணிக்கலாம்னான். சரின்னேன். சந்தோஷமாத்தான் சொன்னேன்டி. மறுநாள் ரெண்டு டிக்கெட்டோட இதையும் கொண்டுவந்து நீட்டினான். நான் ஒரு வார்த்தை சொல்லல, அதுக்குள்ள என் முழு விருப்பத்தை அவனே டைப் அடிச்சுட்டான்."

"அவர்கிட்ட சொல்லியிருக்கலாமே அத்தை."

"சொல்லத்தான் இருந்தேன். அன்னைக்கு நான் ட்யூட்டி. அவன் கீழ பெஞ்சுல உக்காந்திருக்கான், ரெண்டு பெட்டியோட. வண்டி இருபத்தஞ்சு நிமிஷம் லேட். நான்தான் மூணு தடவை அறிவிச்சேன். ஜன்னல் வழியா அவனையே பாத்துட்டிருந்தேன். அவன் மணி பாத்தான், மேல பாத்தான், திரும்ப மணி பாத்தான். பதினெட்டுப் படி ஏறி வந்து ஏன்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். வரல. வண்டி வந்துச்சு, ஏறினான். புறப்பாடு அறிவிப்பையும் நான்தான் படிச்சேன். அதுக்கு அடுத்ததை என்னால படிக்க முடியல. அடுத்த ஷிஃப்ட்டுக்காரர் வந்துதான் படிச்சார்."

அவள் அழுததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். கண்ணைத் துடைத்துக்கொண்டே, இந்த அறையில் ஏசி அதிகம் என்று என்னைத் திட்டினாள்.

விஷயம் மேனேஜருக்குப் போனது. அவர் நல்ல மனிதர், அதனால்தான் அவரோடு சண்டை போடுவது கஷ்டம். "அத்தைதானே, ஒரு கையெழுத்து வாங்கிடுங்க. பாவம் தனியா இருக்கிற மனுஷன், யாருக்கு என்ன நஷ்டம்?" என்று சம்மதப் படிவத்தைக் கொடுத்தார். 'என் குரலையும் என் சாயலையும் பயன்படுத்த என் முழு விருப்பத்துடன் சம்மதிக்கிறேன்' என்று அதில் அச்சடித்திருந்தது. கீழே கையெழுத்துக்கு இடம்.  அத்தையிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டால் அந்தப் பெட்டி அவர் வீட்டுக்குப் போய், அவள் பெயரில், அவள் குரலில், தினமும் ஐந்து மணிக்கு மன்னிப்பு கேட்கும். அவள் காலத்துக்குப் பிறகும் கேட்டுக்கொண்டிருக்கும். போடாவிட்டால் அவர் வெறுங்கையோடு திரும்புவார்.

அத்தை படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்தாள். "அவன் வாங்க வர அன்னைக்கு நானும் வரேன். மூஞ்சியைப் பாத்து முடிவு பண்றேன்" என்றாள்.

பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருந்தோம். பத்து ஐம்பத்தைந்துக்கு வந்தார். "இன்னமும் அஞ்சு நிமிஷம் முன்னாடியேதான் வரான்" என்றாள் அத்தை. நாங்கள் சோதனை அறையில் இருந்தோம். அடுத்த அறையில் வாடிக்கையாளர் உட்காருவார், நடுவில் கண்ணாடி. எங்கள் பக்கத்திலிருந்து மட்டும்தான் பார்க்கலாம். கடிகார மாமா முழுதாக நரைத்திருந்தார். சட்டையை இஸ்திரி போட்டு, தலையைப் படிய வாரி, பெண் பார்க்க வந்தவர் மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். மேசைமேல் துணை இருந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதினோரு மணி ஆனபிறகுதான் பொத்தானைத் தொட்டார்.

"வணக்கம். சொல்லுங்க, கேட்டுட்டிருக்கேன்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.  பிறகு மெல்லக் கேட்டார். "அன்னைக்கு ஏன் வரல?"

"அண்ணனுக்குப் பயந்துட்டேன். என்னை மன்னிச்சிடுங்க."

என் மேசையில் வாடிக்கையாளர் அறைக்குப் பேச ஒரு மைக் உண்டு; அதில் பேசினால் துணை வாயை மூடிக்கொள்ளும், நம் குரல் அதன் ஸ்பீக்கரில் போகும். அடியில் பொத்தான். முப்பத்திரண்டு வருடப் பழக்கம், அத்தையின் விரல் தானாகப் போய் அதன்மேல் உட்கார்ந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது.

"யாருக்கு யாரு பயந்தது?"

குரல் அதே பெட்டியின் ஸ்பீக்கரிலிருந்துதான் அந்தப் பக்கம் கேட்டது. கடிகார மாமா தூக்கிவாரிப்போட்டுக் கண்ணைத் திறந்தார். பெட்டியைத் திருப்பிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். அப்புறம் என்னைக் கூப்பிட மணியை அடித்தார். நான் அந்த அறைக்குப் போனேன்.

"மேடம், இதுல கோளாறு இருக்கு" என்றார். "குரல் நடுவுல மாறுது. கரகரன்னு வயசான மாதிரி வருது. நான் கொடுத்தது எல்லாம் சுத்தமான டேப்."

"வேற என்ன சார்?"

"கோபமா பேசுது. கொஞ்சம் கொறைச்சுக் கொடுத்துடுங்க."

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். ஒரு வயதான மனிதரை இப்படி ஏமாற்றுவது தப்பு என்று தெரிந்துதான் நின்றேன். ஆனால் கோபத்தைக் குறைத்துக் கொடுங்கள் என்று பதினொரு வருடமாகக் கேட்டு எனக்கும் அலுத்திருந்தது. "இன்னும் ஒண்ணு ரெண்டு கேள்வி கேட்டுப் பாருங்க சார். அப்புறம் சரி பண்ணிடலாம்" என்றேன். எங்கள் அறைக்குத் திரும்பாமல் அங்கேயே கதவோரம் நின்றுகொண்டேன்.

அவர் பெட்டி பக்கம் குனிந்தார். "நீ ஏன் இப்படிப் பேசறே? நீ மன்னிப்பு கேக்கணும்னுதானே..."

"எதுக்கு?" என்றது கரகரப்பான குரல். "என் பேர்ல நீ டைப் அடிச்ச லெட்டர்ல கையெழுத்துப் போடாததுக்கா?"

"எந்த லெட்டர்?"

"ராஜினாமா லெட்டர். என் முழு விருப்பத்துடன்னு போட்டிருந்தியே, அது."

கடிகார மாமா நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளினார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "அந்த லெட்டரைப் பத்தி நான் ஃபாரத்துல எழுதலையே மேடம்" என்றார். "எனக்கே மறந்துபோயிருந்தது. இதுக்கு எப்படித் தெரியும்?"

நான் பதில் சொல்வதற்குள் கதவு திறந்தது. அத்தை நின்றாள்.

கடிகார மாமா பாதி எழுந்தார். நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ உயிரோட..."

"நீதான் டிக் போட்டே. நான் சாகல."

"எங்க இருக்கேன்னு தெரியல. கேட்க தைரியமும் இல்ல. போயிட்டேன்னு வச்சுக்கிட்டேன். அது சுலபமா இருந்தது."

"யாருக்கு?"

 அத்தை எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒன்று பழுப்பு, ஒன்று வெள்ளை. இரண்டிலும் கீழே காலி இடம்.

"இது நீ அப்ப கொடுத்தது. இது இப்ப. ரெண்டுலயும் என் முழு விருப்பம் ரெடியா இருக்கு. கேள்விதான் இல்ல. வேலையை விடறியான்னு நீ கேக்கல. ஏன் வரலன்னும் கேக்கல. இருபத்தஞ்சு நிமிஷம் இருந்துச்சு உனக்கு. பதினெட்டே படி. ஏறி வரல. அப்புறம் முப்பத்தெட்டு வருஷம் கழிச்சு, பதிலையும் நீயே எழுதி, அதை என் குரல்ல சொல்ல ஒரு பெட்டி செஞ்சுக்கறே. மன்னிப்பு கேக்கற பெட்டி!"

"எனக்கு அந்தக் குரல் வேணும்னு இருந்தது" என்றார். "அவ்வளவுதான். வேற ஒண்ணும் யோசிக்கல."

"எனக்கும் உன் ஏணி சத்தம் வேணும்னுதான் இருந்தது. நான் அதை டப்பாவுல அடைச்சு வச்சுக்கல." இதைச் சொன்னபோது அவள் குரல் இறங்கிவிட்டது. "நானும் படியிறங்கி வரல. அது என் தப்பு. அதை நான் சொல்வேன். அந்தப் பெட்டி சொல்லக்கூடாது."

கடிகார மாமா பழுப்புத் தாளை எடுத்தார். தான் அடித்த கடிதத்தை ஒவ்வொரு வரியாகப் படித்தார். 'என் முழு விருப்பத்துடன்' என்ற இடத்தில் அவர் விரல் நின்றது. அப்போதுதான் அவர் அதை முதல் தடவையாகப் படிக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. தாளைக் கீழே வைத்தார். வெள்ளைத் தாளை எடுத்து நான்காக மடித்து, கிழிக்காமல் என் கையில் கொடுத்தார். பிறகு அத்தையைப் பார்த்தார்.

"நான் கேட்டிருக்கணும்" என்றார். "கேக்காம எழுதிட்டேன், ரெண்டு தடவையும். என்னை மன்னிச்சிடு."

"பரவாயில்லங்க, விடுங்க" என்றது பெட்டி.

மூன்று பேரும் அதை மறந்தே போயிருந்தோம். அதை யாரும் நிறுத்தியிருக்கவில்லை.

அத்தை அதன் பக்கம் திரும்பினாள். "ஏய். அவன் உங்கிட்ட கேக்கல" என்றாள். கையை நீட்டி ஒயரைப் பிடுங்கினாள்.

 கோப்பை அழிப்பதா என்று நான் கண்ணாலேயே கேட்டேன். ஆமாம் என்று அத்தை தலையசைத்தாள். நான் கதவைத் தாண்டிப் போய்விட்டேன்தான், ஆனால் காதை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன், பொய் சொல்லமாட்டேன். கண்ணாடி வழியாகவும் பார்த்தேன். இதற்காக எனக்கும் ஒரு மெமோ வந்தது. ஒன்றரைப் பக்கம் விளக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அத்தை பழுப்புத் தாளை மெல்ல மறுபடி உறைக்குள் போட்டு, உறையின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.  அவர் கைகள் முட்டிமேல் இருந்தன, கைக்கடிகாரம் மேல்பக்கமாகத்தான் இருந்தது. ஒருமுறைகூட அவர் அதைக் குனிந்து பார்க்கவில்லை.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றாள் அத்தை கடைசியில்.

"சரி. காத்திருக்கேன்."

"எப்போன்னு கேக்க மாட்டியா?"

"மாட்டேன்" என்றார் கடிகார மாமா.